நூற்றுக்கு நூறு வாங்கிய கடக்-முடக்

உலகத்தில் காது உள்ளவர்கள் பல நூறு கோடிப் பேர். காதுக்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரிலும் தலையாய ஒருத்தி, நூம்பலில் 'லேக் வியூ' என்று பெயர் வைக்கப்பட்டு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பிளாக்கின் துணிக்கொடி மட்டும் தெரிகிற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்துவருகிறாள் என்பதும், அவள் பெயர் காவ்யா என்பதும் இந்த நாட்டுக்கு இன்னும் தெரியாமல் இருப்பது பெரிய குறை. அந்தக் குறையைப் போக்கவே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 'குரலோசை சர்வீசஸ்' என்ற நிறுவனத்தில் காவ்யா 'குரல் தர மதிப்பீட்டாளர்'. பல கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லப் போன் செய்யும்போது, எடுத்துப் பேசுவது குரலோசையின் ஏஜென்ட்டுகள். அந்தப் பேச்சுகள் பதிவாகின்றன. பதிவுகளைக் கேட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது காவ்யாவின் பணி. ஆறு வருடம் ஏஜென்ட்டாக இருந்து, தொண்டை கட்டி, மிளகுப்பால் குடித்து, சென்ற ஆண்டுதான் அவள் பேசும் வேலையிலிருந்து கேட்கும் வேலைக்கு உயர்ந்தாள்.

மார்க் போடுவதற்கு இருபத்திரண்டு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஏஜென்ட் வணக்கம் சொன்னாரா, வாடிக்கையாளரின் பெயரைக் குறைந்தது மூன்று முறை உச்சரித்தாரா, குரலில் புன்னகை இருந்ததா, முடிவில் "வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று கேட்டாரா என்று அது விரிந்துகொண்டே போகும். வாடிக்கையாளரின் குறை தீர்ந்ததா என்பது மட்டும் அதில் கிடையாது. அது வேறு துறையின் பொறுப்பு. அந்தத் துறை இன்னும் ஆரம்பிக்கப்படவில்லை.

பதிவைக் கேட்பதிலும் ஒரு நேர்த்தி இருக்கிறது. ஹெட்போனில் ஏஜென்ட்டின் குரல் இடது காதில் வரும், வாடிக்கையாளரின் குரல் வலது காதில் வரும். வாடிக்கையாளருக்குத்தான் மார்க் இல்லையே? ஆகவே மதிப்பீட்டாளர்கள் வலது பக்க மூடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இடது காதால் மட்டுமே கேட்பார்கள். வலது காது சும்மா இருக்காது. கேன்டீனில் பஜ்ஜி போட்டாகிவிட்டதா என்ற தகவலைத் திரட்டிக்கொண்டிருக்கும். இந்த முறையால் ஒருவர் ஒரு நாளைக்கு அறுபது பதிவுகளை முடிக்கலாம். காவ்யா எழுபது முடிப்பாள்.

அப்படிப்பட்டவள் கார் வாங்க முடிவு செய்தபோது கண்ணை மூடிக்கொண்டு கடை தேடவில்லை. சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் 'மங்களவாகனா மோட்டார்ஸ்', குரலோசையின் பழைய கிளையன்ட். அதன் வாடிக்கையாளர் சேவைக்குச் சராசரியாகத் தொண்ணூற்றெட்டு மார்க். அந்த மார்க்கைப் போட்டவளே காவ்யா. தொண்ணூற்றெட்டு வாங்கிய கம்பெனியில் வாங்காமல் வேறெங்கே வாங்குவது?

டெலிவரி எடுத்த நாள் கண்கொள்ளாக் காட்சி. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கேக், லட்டு, கற்பூரம், ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவி. காவ்யாவும் கணவன் ஸ்ரீகாந்தும் அட்டைச் சாவியைத் தூக்கிப் பிடித்துப் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், வண்டியின் பின்பக்கத்தில் இன்னொரு மங்கல காரியமும் நடந்தது. அதை அவர்கள் பார்க்கவில்லை.

ஐந்தாவது மாதம் சத்தம் வந்தது.

நூம்பலை விட்டு வேலப்பன்சாவடிக்குத் திரும்பும் வழியில் உள்ள முதல் வேகத்தடையில் பின்னாலிருந்து 'கடக்' என்றது. இறங்கும்போது 'முடக்' என்றது. இரண்டாவது வேகத்தடையிலும் அப்படியே. மதுரவாயல் போவதற்குள் ஒன்பது கடக், ஒன்பது முடக். காவ்யா எண்ணியிருந்தாள்.

"ஸ்ரீ, பின்னாடி சத்தம் வருது, கேட்டியா?"

பக்கத்து சீட்டில் மடிக்கணினியோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த ஸ்ரீகாந்த், அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தான். தலையைச் சாய்த்து, மிகுந்த அக்கறையோடு கேட்டான்.

"ஒண்ணும் கேக்கலியே."

"வண்டி நிக்கும்போது எப்படிக் கேக்கும்?"

"அப்போ ஓடும்போது சொல்லு." அவன் இயர்போனை மறுபடியும் காதில் செருகிக்கொண்டான்.

மங்களவாகனாவின் சர்வீஸ் நிலையத்தில் காவ்யாவுக்குச் சிறப்பான வரவேற்பு கிடைத்தது. சர்வீஸ் மேனேஜர் ராகேஷ் ஆரம்பத்திலேயே ஒரு காபி கொடுத்து, ஒரு படிவமும் கொடுத்தார். 'சத்தத்தின் வகை' என்ற தலைப்பின்கீழ் கட்டங்கள் இருந்தன. டக்-டக். கடக். கடக்-முடக். லொட-லொட. கிறீச். மற்றவை.

"கடக்-முடக்" என்றாள் காவ்யா.

ராகேஷின் முகம் தீவிரமாயிற்று. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம். வெறும் கடக்னா ஷாக் அப்சார்பர். கடக்-முடக்னா ரப்பர் புஷ். ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்."

"ஏறும்போது கடக், இறங்கும்போது முடக்."

"கடக்குக்கும் முடக்குக்கும் நடுவுல கேப் எவ்ளோ?"

"அரை செகண்ட் இருக்கும்."

"அரை செகண்ட் கேப் இருந்தா அது ரெண்டு தனித்தனி கம்ப்ளெயின்ட் மேடம். ஒரு ஜாப் கார்டுல ஒரு சத்தம்தான் போட முடியும். இன்னிக்குக் கடக்கைப் பார்ப்போம். முடக்குக்கு அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் போட்டுடறேன்."

இவ்வளவு நுணுக்கமாக யார் வேலை செய்வார்கள்! காவ்யா மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். தரையில் போட்டிருந்த அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர் போகக் கூடாது, வண்டி மட்டும்தான் போகலாம். மாலையில் ராகேஷ் சாவியோடு வந்தார். ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றப்பட்டன, வாரன்ட்டியில். சர்வீஸ் ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததில் எந்தச் சத்தமும் இல்லை.

வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறினாள். கடக். இறங்கினாள். முடக்.

அடுத்த வாரம் முடக்குக்காகப் போனாள். புஷ் மாற்றினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. வண்டியை வாங்கிக்கொண்டு வேலப்பன்சாவடி வருவதற்குள் நான்கு கடக், நான்கு முடக்.

மூன்றாவது முறை போனபோது ராகேஷ், 'ஒலி ஆய்வுக் குழு' என்று ஒன்றையே அமைத்துவிட்டார். குழுவில் ஐந்து பேர். அதில் இருவர் உதிரிபாகப் பிரிவு, ஒருவர் இன்சூரன்ஸ், ஒருவர் பழைய கார் விற்பனை. ஐந்தாமவர் ராகேஷ். வண்டியைத் தொட்டுப் பார்த்த மெக்கானிக் உத்தமனைக் குழுவில் சேர்க்கவில்லை. அவனுக்கு அந்த நேரம் வண்டியில் வேலை இருந்தது.

குழு இரண்டு மணி நேரம் கூடியது. காவ்யாவை அழைத்து, சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொன்னார்கள். செய்து காட்டினாள். பழைய கார் விற்பனைக்காரர், "மேடம், முடக் கொஞ்சம் லோவா இருந்துச்சு, இன்னொரு தடவை?" என்றார். இன்னொரு தடவையும் செய்தாள். ஐந்து பேரும் குறித்துக்கொண்டார்கள். பின் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், அறிக்கை எழுதினார்கள்.

அறிக்கை இது: 'மூன்று கட்ட ஆய்வில் வண்டியில் எவ்விதச் சத்தமும் கண்டறியப்படவில்லை. வாடிக்கையாளர் செவி நிபுணரை அணுகுமாறு அன்புடன் பரிந்துரைக்கப்படுகிறது.'

காவ்யா அதை இரண்டு முறை படித்தாள். "எனக்குக் காது கேக்கலைன்னு சொல்றீங்களா?"

"ஐயையோ, இல்ல மேடம்! அதிகமா கேக்குதுன்னு சொல்றோம்." ராகேஷ் கைகூப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது நாங்களா யோசிச்ச பதில் இல்ல. எங்க கஸ்டமர் கேர்ல நூத்துக்கு நூறு வாங்கின பதில். ட்ரெயினிங்ல போட்டுக் காட்டினாங்க. அதுலேர்ந்து எல்லா சத்தத்துக்கும் இதைத்தான் குடுக்கறோம்."

நூற்றுக்கு நூறு வாங்கிய பதில் என்றதும் காவ்யா அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மார்க்கின் மீது அவளுக்கு அவ்வளவு மரியாதை.

வீட்டில் ஸ்ரீகாந்த் அறிக்கையை வாங்கிப் பார்த்தான். "அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க காவ்யா. நீ ஒரே ஆள் கேக்குதுங்கற."

"நீ கேளேன் ஒரு தடவை. இயர்போன் இல்லாம."

"எனக்கு மீட்டிங் இருக்கே. வேணும்னா காது டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போடறேன். உன் ஆபீஸ் இன்சூரன்ஸ்லயே பார்த்துக்கலாம்." அவன் உடனே போட்டும் கொடுத்தான். மனைவி மீது அக்கறை இல்லாதவன் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது.

பூந்தமல்லியில் இருந்த டாக்டர், அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து எறும்பு நடக்கிற அளவுக்குச் சத்தம் வைத்தார். அதையும் அவள் கேட்டாள். "இந்த மாதிரிக் காதை நான் பார்த்ததே இல்லம்மா, எதுக்கு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் காரணத்தைச் சொன்னாள். டாக்டர் சீட்டில் அப்படியே எழுதிவிட்டார்: 'காது இரண்டும் மிக நன்று. வந்த காரணம்: காரில் இல்லாத சத்தம் கேட்கிறது.'

இன்சூரன்ஸுக்குப் போன அந்தச் சீட்டு, அங்கிருந்து குரலோசையின் மனிதவளத் துறைக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் மனிதவள அதிகாரி கனிமொழி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க காவ்யா. காது நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"ஆமா மேடம்."

"அதுதான் எனக்குக் கவலையா இருக்கு." கனிமொழியின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அனுதாப அம்சத்துக்கு ஐந்துக்கு ஐந்து போடலாம். "காதுல கோளாறுன்னா மெஷின் வச்சுக்கலாம், இன்சூரன்ஸ்ல வந்துடும். காது நல்லா இருந்தும் இல்லாத சத்தம் கேக்குதுன்னா, பிரச்சினை காதுக்கு அடுத்த ரூம்ல இருக்கு."

"மேடம், சத்தம் நிஜமா வருது."

"வரலன்னு கம்பெனி எழுத்துல குடுத்திருக்கே. அதுவும் நம்ம கிளையன்ட். யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு ஒரு ஏஜென்ட் வணக்கமே சொல்லல. ஆனா உங்களுக்கு வணக்கம் கேட்டுடுச்சு. நம்ம கம்பெனி என்ன ஆகும்?"

கனிமொழி கெடு விதித்தார். வெள்ளிக்கிழமைக்குள் சத்தம் இருந்தது என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மதிப்பீட்டாளர் நாற்காலி போய்விடும். மறுபடியும் போன் எடுத்து, ஒரு நாளைக்கு நூற்றிருபது முறை புன்னகைக்க வேண்டும். ஆறு வருட மிளகுப்பால் அவள் நினைவில் எரிந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பின்னாலிருந்து வந்த ஒவ்வொரு கடக்கும் தன் பெயரைச் சொல்லி ஏளனம் செய்வதுபோல் இருந்தது. நடுவில் ஓரிடத்தில், உண்மையிலேயே சத்தம் வருகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவளை அதிகமாக உலுக்கியது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நான்காம் முறையாகச் சென்னீர்குப்பம் போனாள். குழு மறுபடியும் கூடியது, மறுபடியும் எதையோ மாற்றியது, பதினோரு கிலோமீட்டர் ஓட்டியது. சத்தம் இல்லை. காவ்யா நாற்காலியில் உட்காரவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியதும், எழுந்து போய் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

உத்தமன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சென்னீர்குப்பத்துக்காரன். சுவரில் சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியின் மூடியைத் தூக்கி, டயருக்குப் பக்கத்தில் அதைப் பத்திரமாக வைத்தான்.

"அது என்ன?"

உத்தமன் திடுக்கிட்டான். "மேடம், கோட்டாண்ட நில்லுங்க, சார் பார்த்தா கத்துவாரு."

"என் வண்டியில என்ன வைக்கிறீங்க?"

"நானா வைக்கல மேடம், இது உங்களுதுதான். டெலிவரி அன்னிக்கே வச்சது. மங்கல முடிச்சு. எங்க சேர்மன் ஆர்டரு. இங்க இருந்து போற ஒவ்வொரு வண்டிலயும் ஸ்டெப்னிக்குப் பக்கத்துல ஒரு தேங்கா, மஞ்சா, குங்குமம் கட்டி வச்சிடுவோம். வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

காவ்யா குனிந்து அந்த முடிச்சை எடுத்தாள். நார் உரித்த முழுத் தேங்காய், கனமே இல்லை. ஐந்து மாத வெயிலில் உள்ளே தண்ணீர் வற்றி, பருப்பு ஓட்டை விட்டுக் கழன்றிருந்தது. மெல்ல ஆட்டினாள்.

கடக். முடக்.

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பைத்தியம் இல்லை என்று ஒரு தேங்காய் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"இதை எப்போ வெளியில எடுத்தீங்க?"

"வண்டி வந்தவொடனே. ரேம்ப்புல ஏத்தி சுத்தியால தட்டச்சொல்லோ உள்ள சாமி பொருளு இருந்தா பாவம் மேடம். அதான் மொத வேலையா எடுத்து சாமி படத்தாண்ட வச்சிடுவேன். வேலை முடிஞ்சி, ஓட்டிப் பார்த்து, கழுவி, குடுக்கச்சொல்லோ திரும்ப வச்சிடுவேன்." அவன் குரலில் பெருமை இருந்தது. "நாலு தபாவும் ஒரு தபா கூட மறக்கல."

"ஓட்டிப் பார்க்கும்போது இது வண்டியில இல்ல?"

"இல்ல மேடம்."

"இதுவா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?"

உத்தமன் தலையைச் சொறிந்தான். "தோணுச்சு மேடம். ஆனா இன்னா பண்றது? ஜாப் கார்டுல ஷாக்குக்குக் கட்டம் கீது, புஷ்ஷுக்குக் கட்டம் கீது, ஸ்பிரிங்குக்குக் கட்டம் கீது. சாமிக்குக் கட்டம் இல்ல."

"இதை நான் ஆபீஸ்ல காட்டணும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, காவ்யா முடிச்சோடு ராகேஷின் அறைக்குப் போனாள். ஒலி ஆய்வுக் குழு இன்னும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் ஆட்டிக் காட்டினாள். கடக். முடக்.

ராகேஷ் எழுந்து கதவைச் சாத்தினார். "மேடம், மொதல்ல செருப்பைக் கழட்டிட்டுப் பேசுவோம். கையில என்ன வச்சிருக்கீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது. உங்க சத்தம். இது இருந்துச்சுன்னு ஒரு லெட்டர் குடுங்க. ஒரு வரி போதும். என் வேலை போயிடும் சார்."

"இருந்துச்சுன்னு எப்படிக் குடுக்க முடியும்? இல்லன்னு மூணு தடவை குடுத்திருக்கோமே." அவர் மிகப் பொறுமையாக விளக்கினார். "சேர்மன் ஆர்டர்படி இதுவரைக்கும் ரெண்டாயிரத்து முன்னூறு வண்டியில முடிச்சு வச்சிருக்கோம். உங்க வண்டியில சத்தம்னு எழுதினா ரெண்டாயிரத்து முன்னூறு வண்டியிலயும் சத்தம்னு ஆயிடும். அதுவும் இல்லாம, தேங்காய்ல எப்படி மேடம் சத்தம் வரும்? தண்ணி இருக்கும், பருப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும்..."

காவ்யாவுக்குத் தலைக்கேறியது. கதவைத் திறந்து வெளியே வந்து, ஷோரூமின் வாசற்படியில் தேங்காயை ஓங்கி ஒரே அடி. இரண்டாக உடைந்து, காய்ந்து சுருங்கிய கொப்பரை தனியாகக் கழன்று உருண்டது. "பாருங்க! உள்ள தண்ணி இருக்கா? ஒட்டிக்கிட்டு இருக்கா?"

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. தேங்காய் உடைந்த சத்தம் கேட்டதும் ஷோரூமில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கார் பார்க்க வந்த ஒரு குடும்பம் கைகூப்பியது. யாரோ சூடம் எங்கே என்று கேட்டார்கள். உதிரிபாகப் பிரிவுக்காரர் கொப்பரையைப் பொறுக்கி, துடைத்து, பக்தியோடு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒலி ஆய்வுக் குழு ஐந்து பேரும் நின்றபடியே ஆதாரத்தை மென்று விழுங்கினார்கள்.

"நல்லாத்தான் காஞ்சிருக்கு," என்றார் ராகேஷ், வாயில் துண்டோடு. பிறகு ஜாப் கார்டை வரவழைத்து எழுதினார்: 'நான்காம் கட்டப் பணிக்குப் பின் சத்தம் முழுமையாக நீங்கியது. வாடிக்கையாளர் மகிழ்ச்சியில் தேங்காய் உடைத்தார்.'

போட்டோ எடுக்கவும் முயன்றார்கள். காவ்யா சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். வழியில் உத்தமன் மட்டும் அவளிடம் வந்து, தன் பங்குக் கொப்பரையைக் காகிதத்தில் மடித்து நீட்டினான். "நான் துண்ணல மேடம். ஆபீஸ்ல காட்டணும்னு சொன்னீங்களே." ஒரு துண்டுக் கொப்பரையை வைத்துக்கொண்டு மனிதவளத் துறையில் எதை நிரூபிக்க முடியும்? இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் அவள் சொன்னதைக் காதில் வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

வீடு வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. நூம்பலின் கடைசி வேகத்தடையையும் வண்டி வாயைத் திறக்காமல் ஏறி இறங்கியது. அப்படி ஓர் அமைதியை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை அவளுக்கு. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. ரெண்டாயிரத்து முன்னூறு வண்டி என்றாரே ராகேஷ்? அப்படியானால் வேறு யாராவது கட்டாயம் போன் செய்திருப்பார்கள். போன் செய்தால் அது எங்கே வரும்? இங்கேதான் வரும்! இந்தக் கட்டடத்தில், இந்த சர்வரில், எழுத்தை விட உறுதியான ஆதாரம் குரலாகவே இருக்கும். மங்களவாகனாவின் பதிவுகளில் 'பின்பக்கச் சத்தம்' என்று தேடினாள்.

அறுபத்து மூன்று வந்தன. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முந்தைய முதல் பதிவைத் திறந்தாள். கேட்கும் வேலைக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக ஹெட்போனின் வலது மூடியையும் காதில் இழுத்து வைத்துக்கொண்டாள். இடது காதில் ஏஜென்ட்டின் குரல் தேனாக வந்தது.

"வணக்கம் முகமது இஸ்மாயில் சார். தங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது."

வலது காதில், பூந்தமல்லியிலிருந்து பேசிய ஒரு பெரியவரின் தளர்ந்த குரல். "மூணு தபா வந்துட்டேன்மா. பின்னாடி கடக்-முடக்னு வந்துகினே கீது. சத்தமே இல்லன்றாங்க. நான் இன்னா சொல்றேன்னா, ஸ்டெப்னி வைக்கிற குழியில ஒரு மஞ்சத்துணி முடிச்சு கீது. நீங்க வச்சதுதான். உள்ள தேங்கா மாறி கீது. அது காஞ்சி உருளுதோன்னு எனக்கு டவுட்டு. சாமி பொருளு, நான் எப்படிமா கை வைக்கிறது? எடுக்கலாமா வாணாமான்னு யார்னா ஒருத்தர் சொல்லிட்டா போதும். எங்கூட்டுக்காரம்மா சபீனா வண்டில ஏறவே பயப்படுது."

"மிக்க நன்றி முகமது இஸ்மாயில் சார். எங்கள் ஆய்வில் தங்கள் வண்டியில் சத்தம் இல்லை. தாங்கள் ஒருமுறை செவி நிபுணரை அணுகலாமே முகமது இஸ்மாயில் சார். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

வலது காதில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "இல்லமா" என்றார் அவர்.

பதிவு முடிந்தது. திரையின் அடியில் மதிப்பீடு வந்தது. 'வணக்கம்: உண்டு. பெயர்: மூன்று முறை. புன்னகை: முழுமையானது. மதிப்பெண்: 100. குறிப்பு: சிக்கலான அழைப்பை மிக நேர்த்தியாக முடித்துள்ளார். செவி நிபுணர் யோசனை அருமை. இப்பதிவைப் பயிற்சியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம். மதிப்பீட்டாளர்: காவ்யா.'

அந்தக் குறிப்பை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. அன்று கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி.

வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது. மற்ற அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அறுபத்திரண்டு பேரும் செவி நிபுணரிடம் அனுப்பப்பட்டிருந்தார்கள். அறுபத்திரண்டுக்கும் அவள் கையால் தொண்ணூற்றைந்துக்கு மேல் விழுந்திருந்தது.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். மறைத்தால் வேலை போய்விடும். காட்டினால் மானம் போய்விடும், வேலையும் சேர்ந்து போகலாம். கொப்பரைத் துண்டைப் பைக்குள் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

கனிமொழி ஹெட்போனை வாங்கி, பழக்கதோஷத்தில் வலது மூடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்டார். "பிரமாதமான கால். இதை நான் ட்ரெயினிங்லயே பார்த்திருக்கேன்."

"மேடம், வலது பக்கமும் கேளுங்க."

"வலது பக்கம் எதுக்கு?" என்றாலும் வைத்துக் கேட்டார். முடிந்ததும் மதிப்பீட்டைப் படித்தார். காவ்யாவின் பெயரைப் படித்தார்.  பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இதை ஏன் காவ்யா திங்கட்கிழமையே கொண்டுவரல?"

அரை மணி நேரத்தில் ஆணை அடித்துக் கையில் கொடுத்தார்.

'இல்லாத சத்தம் கேட்பதாகத் திருமதி காவ்யாவின் மீது எழுந்த ஐயம் நீங்கியது. ஒரு சத்தம் இருப்பதையும், அது வரும் இடத்தையும், அதன் காரணத்தையும் ஒருவர் நேரடியாக எடுத்துச் சொன்ன பின்னும், இவர் காதில் எதுவும் விழவில்லை என்பது இவரது கையெழுத்தாலேயே உறுதியாகிறது. மேலும் அறுபத்திரண்டு முறை இதே திறனை வெளிப்படுத்தியுள்ளார். ஆகவே இவர் மதிப்பீட்டாளர் பணிக்கு முழுத் தகுதி உடையவர்.'

மதிப்பீட்டாளர்கள் வாடிக்கையாளரை அழைக்கக் கூடாது என்பது விதி. காவ்யா கீழே இறங்கிப் போய், சத்தமே இல்லாத தன் காருக்குள் உட்கார்ந்து, சொந்தப் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தாள்.

"முகமது இஸ்மாயில் சாரா? மங்களவாகனா விஷயமா..."

"காது டாக்டராண்ட போய்ட்டு வந்துட்டேன்மா," என்றார் அவர் அவசரமாக. "நல்லாத்தான் கீதாம். மறுபடியும் போவணுமா?"

"இல்ல சார், வேண்டாம். உங்க ஸ்டெப்னி குழியில ஒரு மஞ்சள் முடிச்சு இருக்கும். அதுல இருக்கிற தேங்காய் காய்ஞ்சு உருளுது. எடுத்துடுங்க. ஒண்ணும் தப்பில்ல. சத்தம் நின்னுடும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"இதத்தானேமா," என்றார் இஸ்மாயில், "நான் அன்னிக்கே உங்களாண்ட சொன்னேன்?"